நான்காவது கதவு யார் கண்ணிலும் படவில்லை: ஊரடங்கில் வீட்டுக்குள்ளேயே எடுத்த பேய்ப்படம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 ஊரடங்கில் நானும் அக்காவும் அப்பாவும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் ஒரு பேய்க் குறும்படம் எடுத்தோம். கேமரா என் செல்போன், நடிப்பு அக்கா, லைட் அப்பா, மற்றதெல்லாம் நான். முதல் எடிட்டை 8 பேருக்கு அனுப்பினோம். அதில் 7 பேர் படத்தில் பயப்பட வேண்டிய ஒரே விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அந்தக் காட்சியை இன்னும் மூன்று ராத்திரி திரும்ப எடுத்தோம், ஒரு பலனும் இல்லை. கடைசியில் படத்தைக் காப்பாற்றியது பட்டப்பகலில் எடுத்த ஒரு 40 விநாடி ஷாட். அதில் பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது, ஒரு பெண் தரை துடைக்கிறாள், அவ்வளவுதான். அப்படி ஒரு ஷாட்தான் தேவை என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. வீட்டுக்குள் பேய்ப்படம் எடுக்கப் போகிற யாருக்காவது அந்த மாதங்கள் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கதை எங்கிருந்து வந்தது

உலக சுகாதார நிறுவனம் மார்ச் 11-ஆம் தேதி கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களில் எல்லோரையும் போல நாங்களும் வீட்டுக்குள் அடைந்தோம். ஏப்ரலில் ஒரு நாள் காலையில் அக்கா சொன்னாள்: "ராத்திரி தூக்கமே வரலடா. படுத்துக்கிட்டு வீட்ல எத்தன கதவு இருக்குன்னு எண்ணிட்டிருந்தேன். திடீர்னு ஒண்ணு கூட இருந்தா என்ன பண்ணுவோம்?"

அந்த ஒரு வரிதான் கதை. ஒரு பெண் தனியாக வீட்டில் இருக்கிறாள். தினமும் ராத்திரி தம்பியோடு வீடியோ காலில் பேசுகிறாள், தம்பிக்குக் குரல் மட்டும்தான், முகம் காட்டுவதில்லை. வீட்டில் ஒரு காரிடார் இருக்கிறது, அதன் இடது பக்கம் வரிசையாகப் படுக்கையறை, குளியலறை, ஸ்டோர் ரூம் என்று மூன்று கதவுகள். ஸ்டோர் ரூமைத் தாண்டினால் வெறும் சுவர். ஒரு ராத்திரி அந்தச் சுவரில் நான்காவதாக ஒரு கதவு இருக்கிறது, அப்புறம் அது கொஞ்சம் திறக்கிறது. பேய் என்று படத்தில் இருப்பது அது மட்டும்தான்.

மேக்கப், முகமூடி, கிராஃபிக்ஸ் எதுவும் வேண்டாம் என்பதால்தான் முதலில் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மாதங்களில் எல்லோரும் தங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த சுவரில் தெரியாத கதவு என்றால் அது எல்லோருக்கும் குத்தும் என்று நம்பினேன். இந்த நம்பிக்கையில்தான் தப்பு ஒளிந்திருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

கையில் இருந்தது இவ்வளவுதான்: ஒரு செல்போன், பழைய ட்ரைபாட், ஒலிப்பதிவுக்கு இன்னொரு செல்போனும் அதில் சொருகுகிற காலர் மைக்கும், ஒரு மேஜை விளக்கு, இரண்டு எல்இடி பல்பு, ஒரு கறுப்புக் கம்பளி. எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. இந்த அளவு படத்துக்கு அது தாராளமாகப் போதும், வெட்டுவது, நிறத்தைச் சரிசெய்கிற கலர் கிரேடிங், ஒலி எல்லாமே அதற்குள் முடிந்துவிடும். வாங்குவதற்குக் கடையும் திறந்திருக்கவில்லை, அதனால் 'இது இருந்தால் நன்றாக இருக்குமே' என்று யோசிப்பதை இரண்டாம் நாளே நிறுத்திவிட்டோம்.

இருட்டை எடுப்பது

முதல் ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு எடுத்தோம். இருட்டான படம் வேண்டும், அதனால் இருட்டில் எடுப்போம் என்று. போட்டுப் பார்த்தால் திரையில் இருட்டே இல்லை. செல்போனின் சென்சார் சின்னது, வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றிவிடும், அதனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறத்தில், எறும்பு மொய்ப்பதுபோல் புள்ளி புள்ளியாக நெளிந்துகொண்டிருந்தது. அக்கா நடந்து வரும்போது அவள் வெள்ளை நைட்டி ஃப்ரேமுக்குள் வந்ததும் மொத்தப் படமும் சட்டென்று மங்கி, போனதும் திரும்ப வெளுத்தது.

இரண்டாம் நாள் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) மாறாமல் பூட்டிவைக்கிற கேமரா ஆப்புக்கு மாறினோம். வெளிச்சத்தை வேண்டிய அளவுக்குக் கொடுத்து எடுத்துவிட்டு, இருட்டை எடிட்டில் இறக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. இதில் ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது: விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அக்காவின் முகத்துக்கு அரை மீட்டரில் மேஜை விளக்கை வைத்து, அவளைச் சுவரைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். சுவர் விளக்கிலிருந்து 2 மீட்டரில் இருந்தது, அதாவது நாலு மடங்கு தூரம், அதனால் முகத்தில் விழுவதில் 16-ல் ஒரு பங்குதான் சுவரில் விழுந்தது. முகம் தெளிவாகத் தெரிகிறது, பின்னால் தானாகவே கறுப்பு. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, அப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவரே அளவு நாடாவோடு வந்து நின்றார்.

சுவரில் மெல்லிய கோடுகள் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டிருந்ததும் முதல் நாளின் இன்னொரு பிரச்சினை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் பல்பு விநாடிக்கு 100 தடவை மின்னும், ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளியை வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கோடுகள் விழும். விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 50-ல் ஒரு விநாடி என்று வைத்ததும் போய்விட்டது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 60-ல் ஒரு விநாடி வைக்க வேண்டும். எடுத்து முடித்தபிறகு இந்தக் கோடுகளை நீக்குவது பெரும்பாடு, அதனால் முதல் ஷாட்டுக்கு முன்னாலேயே வெறும் சுவரை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கதவைச் செய்தது

நான்காவது கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், படத்திலேயே நாங்கள் கையால் செய்த ஒரே பொருள் அதுதான். ஸ்டோர் ரூமைத் தாண்டிய வெறும் சுவரில் கறுப்புக் கம்பளியை நெட்டாக, கதவு அகலத்துக்கு மடித்து டேப் போட்டு ஒட்டினோம். பீரோவின் ஒரு மரக்கதவைத் திருகு கழற்றி எடுத்து, கம்பளியின் ஓரத்தில் சாய்வாக, திறந்த கதவு நிற்பதுபோல் நிறுத்தினோம். பின்னால் அப்பா முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். கம்பளியில் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொண்டால் அது சுவரில் ஒட்டிய துணி என்று சத்தியமாகத் தெரியாது, சுவருக்குள் ஆழம் இருப்பதுபோலவே கண் எடுத்துக்கொள்கிறது.

பீரோக் கதவு அறைக் கதவைவிடக் குட்டை. அதுதான் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். ஆனால் வரிசையில் கடைசிக் கதவு என்பதால் குட்டையாக இருப்பது தூரமாக இருப்பதுபோல் தெரிந்தது. காரிடாரே ஓர் அறை அளவுக்கு நீண்டுவிட்ட மாதிரி இருந்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனால் அந்த ஷாட்டை மானிட்டரில் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே கை சில்லிட்டது.

ஒலி

அந்த ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். வண்டி இல்லை, விமானம் இல்லை. நில அதிர்வு ஆய்வாளர்கள் பல நாட்டுக் கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, மனித நடமாட்டத்தால் நிலத்தில் உண்டாகும் அதிர்வு இரைச்சல் அந்த மாதங்களில் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது என்று அந்த வருடமே எழுதினார்கள். தரையே அவ்வளவு அமைதியாக இருந்த காலத்தில் எங்களுக்கு எதிரி வீட்டுக்குள்தான் இருந்தது, ஃப்ரிட்ஜ். அதன் உறுமல் எந்த அறையில் மைக் வைத்தாலும் விழுந்தது.

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு எடுத்தால் திரும்பப் போட மறந்துவிடுவோம். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், நினைவு வந்துவிடும். எங்களுக்கு வெளியே போகிற வேலையே இல்லை, சாவி ஒரு வாரம் உள்ளேயே கிடந்தாலும் யாரும் தேடமாட்டோம். அதனால் போன் சார்ஜரை உள்ளே வைத்தோம். ஷூட்டிங் முடியும்போது பேட்டரி எப்படியும் தீர்ந்திருக்கும், சார்ஜர் தேடியே ஆக வேண்டும். 11 ராத்திரியில் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஒவ்வொரு அறையிலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொண்டோம். சும்மா இருக்கிற அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, எடிட்டில் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் அது அறுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இந்த ஒரு நிமிடப் பதிவு மூன்று மாதம் கழித்து எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஒரு பெரிய சிக்கல் எடிட்டில்தான் தெரிந்தது. வீடியோ காலில் பேசும் காட்சி வெட்டே இல்லாத 4 நிமிட ஷாட். தனியாகப் பதிவு செய்த ஒலியை அதோடு சேர்த்தால் ஆரம்பத்தில் உதடும் சத்தமும் ஒட்டுகின்றன, முடியும்போது விலகிவிடுகின்றன. இரண்டு நாள் நான் மைக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். காரணம் செல்போன். பல செல்போன்கள் ஃப்ரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை, சூழ்நிலைக்கேற்ப ஏற்றி இறக்கும். வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றி, அப்புறம் எடிட்டுக்குள் கொண்டுவந்ததும் ஒட்டிக்கொண்டது. செல்போனில் எடுக்கிறவர்கள் எடிட் ஆரம்பிக்கும் முன்பே எல்லாக் கோப்புகளையும் மாற்றிவிடுவது நல்லது.

அலறல் வைக்கவில்லை. ஊரே அமைதியாக இருக்கும் ராத்திரியில் ஒரு பெண் அலறினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறுவார்கள், பதறத்தான் வேண்டும். ஏணியில் ஏறுவது, மெழுகுவத்தி, மின்கம்பியைத் தொடுவது எதுவும் கூடாது என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த நேரம், ஒரு படத்துக்காகக் காலை உடைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது தப்பு. இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அலறலுக்குப் பதில் அக்கா மூச்சை நிறுத்துகிற சத்தத்தை வைத்தோம், மைக்கை உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பதிவு செய்தது. அலறலைவிட அது எவ்வளவோ மேல்.

முதல் எடிட், 8 பேர்

ஜூனில் முதல் எடிட் முடிந்தது, 10 நிமிடம் 20 விநாடி. 8 நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினேன். 'எப்படி இருக்கு' என்று மட்டும் கேட்டால் எல்லோரும் 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள், அதனால் இரண்டு விஷயம் கேட்டேன். பயம் வந்த நேரத்தை நிமிட விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் திரும்பப் பார்க்காமல் அந்த வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து போட்டோ அனுப்புங்கள். இரண்டாவது கேள்வியை ஏதோ ஆசையில்தான் கேட்டேன், ஆனால் இந்த ஆய்வு முழுக்க நிற்பது அதன்மேல்தான்.

பயம் வந்த நேரம் என்று பெரும்பாலும் குறித்திருந்தது குளியலறைக் குழாய் தானாகத் திறக்கும் இடத்தை. அது நான் கடைசி நேரத்தில் சும்மா சேர்த்தது. நான்காவது கதவு வரும் இடத்தைக் குறித்தது ஒரே ஒருவர். மற்ற 7 பேரில் சிலர், "கடைசியில் அந்த அறைக்குள் யார் இருந்தது?" என்று கேட்டார்கள். எந்த அறை? அவர்களுக்கு அது இன்னொரு அறை. வீட்டில் இருக்கிற எத்தனையோ கதவுகளில் ஒன்று திறந்திருக்கிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் நான் தப்பான முடிவுக்குப் போனேன். கதவு தெளிவாகத் தெரியவில்லை, அதனால் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். மூன்று ராத்திரி அந்த ஷாட்டைத் திரும்ப எடுத்தோம். கதவின் விளிம்பில் வெளிச்சம் கொடுத்தோம், கேமராவை மெதுவாக அதை நோக்கி நகர்த்தினோம், கதவுக்குத் தனியாக ஒரு கிறீச் சத்தம் வைத்தோம். அதே நண்பர்களில் இரண்டு பேரிடம் காட்டினேன், "இப்ப கதவு நல்லாத் தெரியுது" என்றார்கள், பயம் வரவில்லை. மூன்றாம் ராத்திரி அக்கா சொன்னாள்: "எனக்கே பயமா இல்லடா. இது நம்ம வீடுன்னு நமக்குத் தெரியும். அவங்களுக்கு இது யாரோட வீடோ."

அவள் சொன்னது முழுசாகப் புரிய எனக்கு ஆகஸ்ட் வரை ஆயிற்று.

வரைபடங்கள்

ஜூலை 30-ஆம் தேதி பேய்ப்படங்களுக்கான ஷடர் என்ற ஓடிடி தளத்தில் 'ஹோஸ்ட்' வெளியானது. ராப் சாவேஜ் இயக்கிய பிரிட்டிஷ் படம், ஊரடங்கிலேயே எடுத்தது, மொத்தமும் ஒரு ஜூம் அழைப்பு. நடிகர்கள் அவரவர் வீட்டில் இருந்துகொண்டே கேமராவையும் லைட்டையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள், இயக்குநர் தொலைவிலிருந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரம்கூட ஓடாது. எங்கள் நிலைமையிலேயே எடுத்த படம் என்பதால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தேன்.

அதில் ஒரு பெண் தன் அறைக்குள் தானே நுழைவதைப் படம்பிடித்து ஜூமில் தனக்குப் பின்னால் தெரிகிற வர்ச்சுவல் பேக்கிரவுண்டாக வைத்திருப்பாள். முதலில் அது வெறும் விளையாட்டாக வரும், எல்லோரும் சிரிப்பார்கள். பின்னால் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அந்தப் படம் நமக்கு மனப்பாடம், அதற்குப் பின்னால் வேறு ஏதோ நடக்கிறது என்று தெரியும். முன்னாலேயே காட்டியிருக்காவிட்டால் அந்த இடம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் பழைய படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யை ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் ஒரு வாரத்தில் எடுத்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அதில் படுக்கையறையைக் காட்டும் ராத்திரி ஷாட் ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலிருந்துதான் வரும், அதே கட்டில், இடது பக்கம் அதே திறந்த கதவு, அதற்கப்பால் அதே இருட்டு. நாலாவது ராத்திரிக்குள் அந்த ஃப்ரேமில் எது எங்கே இருக்கிறது என்று நமக்கு அத்துப்படி ஆகிவிடும். கதவு ஒரு விரல் அளவு அசைந்தால் போதும். டேவிட் சாண்ட்பெர்க் 2013-ல் தன் மனைவியை நடிக்கவைத்து வீட்டிலேயே எடுத்த 'லைட்ஸ் அவுட்' குறும்படம் மூன்று நிமிடம்கூடக் கிடையாது, அதிலும் அந்தப் பெண் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பாள், விளக்கு எரிந்தால் காலியான காரிடார், அணைந்தால் ஓர் உருவம். காலியான காரிடார் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படம் நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அந்த ராத்திரிதான் நண்பர்கள் அனுப்பிய வரைபடங்களை வரிசையாக எடுத்து வைத்தேன். ஒருவர் காரிடாரில் இரண்டு கதவு போட்டிருந்தார். ஒருவர் ஐந்து. ஒருவர் காரிடாரே போடவில்லை, எல்லா அறைகளும் ஹாலைச் சுற்றி இருந்தன. மூன்று கதவுகளை இடது பக்கம் சரியாக வரைந்திருந்தது ஒரே ஒரு தாள். பயம் வந்த நேரமாக நான்காவது கதவைக் குறித்த அதே நண்பருடைய தாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. நான்காவது கதவு பயமாக இருக்க வேண்டுமென்றால் மூன்று என்ற எண்ணிக்கை முதலில் பார்க்கிறவர் மனதில் இருக்க வேண்டும். எனக்கு அது இருந்தது, 20 வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். முதல் எடிட்டில் காரிடார் வருவதே ராத்திரியில்தான், அதுவும் துண்டு துண்டாக, ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில். அழகான கோணங்கள் என்று நினைத்து வைத்தவை. ஒரு தடவைகூட முழு காரிடாரையும் நிம்மதியாகப் பார்க்க யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. தெரியாத வீட்டில் தெரியாத கதவு இருப்பதில் என்ன அதிசயம்?

தரை துடைக்கும் ஷாட்

தீர்வு எளிது, ஆனால் ஷாட்டை அளந்து எடுக்க வேண்டியிருந்தது. நான்காவது கதவு வரும் ஷாட்டை எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அதே இடம், அதே உயரம், அதே ஃப்ரேம். ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தில் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது, லென்ஸ் தரையிலிருந்து 110 செ.மீ. என்று நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அதே ஃப்ரேமைப் பிடித்திருக்கவே முடியாது.

பகல் வெளிச்சம். அக்கா துடைப்பமும் வாளியுமாக வருகிறாள். முதல் கதவைத் திறந்து உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்து சாத்துகிறாள். இரண்டாவது. மூன்றாவது. அப்புறம் வெறும் சுவர் வரைக்கும் துடைத்துக்கொண்டே போய், அங்கே நின்று நிமிர்ந்து, சுவரில் கை ஊன்றி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். உள்ளே துடைக்கும் நேரத்தை வெட்டிச் சுருக்கியதில் 40 விநாடி. அந்தச் சுவரில் கை ஊன்றுவது அக்கா தானாகச் செய்தது. பின்னால் அந்தக் கை பட்ட இடத்தில்தான் கதவு வருகிறது. அதைவிட நல்ல யோசனை இந்தப் படத்தில் வேறு இல்லை.

ஆகஸ்டில் தளர்வு வந்து தெருவில் வண்டிகள் ஓட ஆரம்பித்திருந்தன. அந்த ஷாட்டின் நேரடி ஒலி முழுக்க ஹாரன். ஒலியை மொத்தமாக எடுத்துவிட்டு, ஏப்ரலில் பதிவு செய்து வைத்திருந்த அந்த ஒரு நிமிட அமைதியைக் கீழே ஓடவிட்டு, கதவுச் சத்தங்களை ராத்திரி தனியாகப் பதிவு செய்து மேலே ஒட்டினோம். எங்கள் வீட்டின் மூன்று கதவுக்கும் மூன்று குரல் உண்டு. படுக்கையறைக் கதவு நீளமாக முனகும், குளியலறையில் தாழ்ப்பாள் டக் என்று விழும், ஸ்டோர் ரூம் கதவு மழைக்கு ஊதி அடிப்பக்கம் தரையில் உராயும். மைக்கைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்துத் தனித்தனியாக எடுத்தோம். படத்தில் இந்தச் சத்தங்கள் வரும்போது எந்தக் கதவு என்று பார்க்காமலே தெரிய வேண்டும் என்பது கணக்கு.

நான்காவது கதவுக்கு வைத்திருந்த கிறீச் சத்தத்தை எடுத்துவிட்டேன். அது திறக்கும்போது எந்தச் சத்தமும் இல்லை. மூன்று கதவின் சத்தமும் காதில் ஏறியபிறகு ஒரு கதவு சத்தமே இல்லாமல் திறப்பது போதுமானதாக இருந்தது.

தம்பியின் குரல் திரைக்கு வெளியே என்பதால் ஒரு வசனத்தைப் புதிதாகச் சேர்ப்பதும் சுலபம். ஃபோனை வைப்பதற்கு முன்னால், "அக்கா, மூணு கதவையும் சாத்திட்டியா?" என்று கேட்கிறான். அவள் "ம்" என்கிறாள். அந்த 'ம்' பழைய டேக்கில் வேறு கேள்விக்குச் சொன்ன பதில், அதையே பயன்படுத்திக்கொண்டோம். ராத்திரி காரிடார் ஷாட்டுகளில் அழகுக்காக வைத்திருந்த கோணங்களைத் தூக்கிவிட்டு, முடிந்தவரை அந்த ஒரே ஃப்ரேமுக்குத் திரும்பினோம். குழாய் தானாகத் திறக்கும் காட்சியும் போயிற்று. எல்லோருக்கும் பிடித்த காட்சி அது, அக்கா இன்னும் அதற்காக வருத்தப்படுகிறாள். ஆனால் அது பார்க்கிறவரைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது, கதவை எண்ண வேண்டிய நேரத்தில் குழாயை யோசிக்கவைத்தது. படம் 9 நிமிடம் 40 விநாடிக்கு வந்தது.

இரண்டாவது சுற்று

ஏற்கெனவே பார்த்தவர்களிடம் திரும்பக் காட்டினால் பயனில்லை, அவர்களுக்குக் கதவைப் பற்றித் தெரிந்துவிட்டது. படத்தைப் பற்றி எதுவும் தெரியாத வேறு 6 பேரிடம் அதே இரண்டு கேள்வியோடு அனுப்பினேன். 5 பேர் நான்காவது கதவு வரும் விநாடியைக் குறித்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் குறித்தது கதவு திறப்பதற்கு முன்னாலேயே, அது வெறுமனே மூடியிருக்கும் இடத்தில். அந்த ஷாட்டின் வெளிச்சம் ஜூனில் இருந்ததைவிடக் குறைவு, கேமரா நகர்வும் இல்லை, ஏப்ரலில் முதல் தடவை எடுத்த அதே டேக்கைத்தான் திரும்ப வைத்திருந்தோம். மூன்று ராத்திரி எடுத்த ரீ-ஷூட் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

6 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்பது தெரியும், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள் வேறு. ஆனால் வரைபடங்களில் தெரிந்த மாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 5 தாள்களில் இடது பக்கம் மூன்று கதவுகள் சரியாக இருந்தன. ஒருவர் ஸ்டோர் ரூம் கதவின் அடியில் சின்னதாக ஒரு கோடு போட்டு 'உராயும்' என்றே எழுதியிருந்தார்.

இன்னும் சரியாகாத இடங்கள் இருக்கின்றன. ஆறாவது நிமிடத்தில் படம் தொங்குகிறது, அங்கே அக்கா ஹாலில் உட்கார்ந்திருப்பதை இன்னும் 15 விநாடி வெட்டலாம், ஆனால் அவள் முகம் அந்த ஷாட்டில் அவ்வளவு நன்றாக இருக்கிறது, எனக்கு மனம் வரவில்லை. நீல நிறத்தைக் கிரேடிங்கில் அதிகமாக ஏற்றிவிட்டேன், ராத்திரி என்றால் நீலம் என்று அப்போது ஒரு நம்பிக்கை. தம்பியின் குரல் நான் பேசியது, போனில் பேசுகிற மாதிரி இருக்க மேல், கீழ் அலைவரிசையை வெட்டினேன், இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்க வேண்டும்.

ஆறாவது ஆளின் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அவர் எந்த விநாடியையும் குறிக்கவில்லை, 'பயமாகவெல்லாம் இல்லை' என்று எழுதியிருந்தார். வரைபடத்தில் மூன்று கதவுகளைப் பேனாவால் அழுத்திப் போட்டிருந்தார். நான்காவதையும் அதே சுவரில் போட்டு, அப்புறம் அதைத் தாள் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தார்.